பனிமலையில் மூன்றாவது பெஞ்ச்



பிப்ரவரி கடைசியில் நான் குல்லாயும் பெரிய கண்ணாடியுமாகப் பனிக்குள் நின்ற போட்டோவை மகள் போட்டாலும் போட்டாள், பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டுவிட்டீர்கள். "சார், நீங்களே சறுக்குனீங்களா?" "பெரியப்பா, குளிர் எப்படி இருந்துச்சு?" எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று ஒன்பது மாதம் ஓடிவிட்டது.

இன்று உட்கார்ந்ததற்குக் காரணம் மழை. நேற்று ஊர்ப்பக்கம் காட்டைப் பார்த்துவரப் போனேன். நம் கரிசல் மண் நனைந்தால் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்புக்கு அடியில் ஒரு சாண் மண் அப்பிக்கொண்டது. ஓடைச் சரிவில் இறங்கும்போது வழுக்கியது. அப்போது என் கால்கள் நான் சொல்லாமலே ஒரு காரியம் செய்தன. குதிகால் இரண்டும் வெளியே போய், கட்டைவிரல்கள் இரண்டும் உள்ளே திரும்பி, முழங்கால் மடங்கி, அப்படியே நின்றுவிட்டேன். கூட வந்த பையன் (2006 பேட்ச், இப்போது அவனே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்) "என்ன சார் இது, டான்ஸா?" என்றான். "இல்லடா, பீட்சா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்காகவும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். பஸ்சுக்குக் காத்திருக்கும்போது படியுங்கள்.

மகள் 2016ல் ஸ்டாக்ஹோம் போனாள். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. பேத்திக்கு ஒன்பது வயது. ஸ்வீடனில் பிப்ரவரி, மார்ச்சில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் லீவு. ஸ்போர்ட்லோவ் என்று பெயர், விளையாட்டு விடுமுறை. ஊர் ஊராக வாரம் மாறும். ஸ்டாக்ஹோமுக்கு வருடத்தின் ஒன்பதாவது வாரம். இது எப்படி வந்தது என்று விசாரித்தேன், வாத்தியார் புத்தி போகுமா? 1940ல், உலகப்போர் சமயத்தில், பள்ளிகளைச் சூடாக்க எரிபொருள் பற்றாக்குறை. ஒரு வாரம் பூட்டினால் அவ்வளவு மிச்சம் என்று லீவு விட்டிருக்கிறார்கள். சும்மா இருக்கும் பிள்ளைகளைப் பனியில் விளையாட அனுப்பியிருக்கிறார்கள். போர் முடிந்தது, லீவு மட்டும் நின்றுவிட்டது. நம் பக்கத்தில் பருத்தி வெடிக்கிற மாசத்தில் லீவு விடாமலே பாதி வகுப்பு காலியாகக் கிடக்குமே, அதுதான் ஞாபகம் வந்தது.

அந்த ஒரு வாரத்துக்கு எங்களையும் கூட்டிப் போனாள். இடம் பியோர்க்லிடன். ஸ்வீடனின் வடமேற்கு மூலை, நார்வே எல்லைக்குக் கிட்டத்தில். ஸ்டாக்ஹோமில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் மதியம்தான் இறங்க முடியும். நெல்லை எக்ஸ்பிரஸில் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குப் போகிற மாதிரி படுக்கை எல்லாம் உண்டு. காலையில் 66½ பாகை அட்சக்கோட்டை ரயில் தாண்டியபோது நான் எல்லாரையும் எழுப்பிவிட்டேன். முப்பத்திநாலு வருஷம் கரும்பலகையில் புள்ளி வைத்துக் கோடு போட்ட இடம்! உங்கள் அம்மா (உங்களுக்கு டீச்சரம்மா) ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "கோடு எங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

கல்லிவாரா, கிருணா. இந்தப் பெயர்களை உங்களில் எத்தனை பேரை ஐந்து ஐந்து தடவை எழுத வைத்திருப்பேன்! இரும்புத்தாது கிடைக்கும் இடங்கள். தாது ஏற்றுமதியாகும் துறைமுகம் நார்விக். நார்விக் உறையாமல் இருப்பதற்குக் காரணம் வட அட்லாண்டிக் வெப்ப நீரோட்டம். அந்தத் தாது வண்டி எங்கள் ரயிலுக்கு எதிரே வந்தது. 68 பெட்டி, முக்கால் கிலோமீட்டர் நீளம். எண்ணிக்கொண்டே வந்து நாற்பதில் விட்டுவிட்டேன். கிருணாவில் சுரங்கம் தோண்டத் தோண்ட ஊருக்கு அடியில் நிலம் அசைகிறது என்று ஊரையே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபின், 2025 ஆகஸ்டில், அங்கிருந்த மரத்தாலான பெரிய தேவாலயத்தை அப்படியே தூக்கிச் சக்கரத்தில் வைத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனார்கள். செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதி மக்களை 'லாப்பியர்' என்று பாடத்தில் நடத்தினேன். அது அவர்களைத் தாழ்த்திச் சொல்லும் சொல்லாம். அவர்கள் தங்களைச் 'சாமி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போய் இறங்கியதும் முதல் வேலை பலகை வாடகைக்கு எடுப்பது. கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம். கடைசியில் ஒரு கேள்வி: நீங்கள் எப்படிப்பட்ட சறுக்காளர்? மெதுவாகப் போகிறவரா, நடுத்தரமா, வேகமாகப் பாய்கிறவரா? தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளும் படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் யோசிக்காமல் நடுவில் டிக் போட்டாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆறு வருஷமாப் போற, இன்னும் நடுவுலயேதான் நிக்கியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளைதான் இடையில் புகுந்து விளக்கினார். "மாமா, இது கௌரவத்துக்குப் போடுற டிக் இல்ல. பூட்ஸைப் பலகையோட கவ்விப் பிடிக்கிற கிளிப் இருக்கு பாருங்க, அதோட ஸ்பிரிங்கை இந்தப் படிவத்தைப் பாத்துத்தான் முடுக்குவாங்க. விழும்போது அது பட்டுனு விட்டுரணும். வேகமாப் போற ஆள்னு எழுதுனா இறுக்கமா வச்சிருவாங்க. விழுந்தா விடாது, கால்தான் திருகும்." அவரே முதல் வருஷம் நண்பர்களுக்கு முன்னால் வீறாப்பாக மேல் கட்டத்தில் டிக் போட்டு, முழங்கால் வீங்கி இரண்டு மாதம் நொண்டியிருக்கிறார். இதை எங்களுக்குச் சொல்லவே இல்லை. மாமனார் வீட்டுக்குச் சொல்கிற விஷயமா அது!

அங்கே சரிவுகளுக்கு நிறம் உண்டு. பச்சை பழகுகிறவர்களுக்கு, நீலம் அடுத்து, சிவப்பு அதற்கும் அடுத்து, கறுப்பு கைதேர்ந்தவர்களுக்கு. நடுத்தரம் என்றால் நீலத்தில் தைரியமாகவும் சிவப்பில் கொஞ்சம் பயந்தும் போகிறவர்கள். லீவுக்கு வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி இவர்கள்தான் என்று என் கண்ணுக்குப் பட்டது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. முழங்காலைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன். பச்சையிலும் கடைசிப் பச்சை, சின்னப் பிள்ளைகள் பழகும் மேடு. ஏறுவதற்கு ரப்பர் பெல்ட் ஓடும், மில்லில் மூட்டை ஏற்றுகிற பெல்ட் மாதிரி. மேலே போய் நின்றால் கீழே இருபது முப்பது அடி சரிவுதான். ஆனால் வழுக்குகிற பலகையில் நின்று பார்க்கும்போது கழுகுமலை உச்சியில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குக் குரு பேத்தி. "பீட்சா, தாத்தா, பீட்சா!" என்று கத்துகிறாள். பலகைகளின் முன்முனையைச் சேர்த்து, பின்முனையை அகட்டினால் பீட்சாத் துண்டு போல முக்கோணம் வருமாம். அதுதான் பிரேக். பலகைகளை இணையாக விட்டால் ஓடிவிடும். எனக்கு பீட்சா தெரியாது. ஏழு தடவை விழுந்தேன். எட்டாவது தடவை மாப்பிள்ளை, "இதுக்கு இங்க 'ப்ளூக்'னு பேரு மாமா, ஏர்" என்றார். அதைச் சொன்னால் போதாதா! கொழுமுனை முன்னால், மண் இரண்டு பக்கமும் ஒதுங்க வேண்டும். என் அப்பா கரிசலில் ஏர் ஓட்டும்போது மேழியை அழுத்திப் பிடிக்கச் சொல்வார். இல்லையென்றால் கொழு மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். காலை அகட்டி அழுத்தினேன், நின்றது. சாதித்தது அவ்வளவுதான். மூக்குத்தோல் உரிந்ததுதான் மிச்சம். கரிசல் வெயிலில் கிடந்த உடம்புக்குப் பனியில் என்ன வெயில் என்று நினைத்தேன். கரிசல் வெயிலைக் குடித்துவிடும், புதுப்பனி பத்தில் எட்டு ஒன்பது பங்கைத் திருப்பி நம் முகத்திலேயே அடித்துவிடும். இதையும் நான்தான் நடத்தினேன்!

உங்கள் டீச்சரம்மா சேலைக்கு மேல் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குடிலின் கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "ஏறுதாங்க, வழுக்குதாங்க, மறுபடி ஏறுதாங்க. இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்றாள். எலுமிச்சைச் சாதத்துக்கும் ரசப்பொடிக்கும் அவள்தான் பொறுப்பு. நம்மூர்க் கடலைமிட்டாய் இரண்டு கிலோ கொண்டுபோயிருந்தோம். குளிரில் கல்லாகிவிட்டது. அக்குளில் வைத்துச் சூடாக்கித்தான் கடிக்க முடிந்தது.

மூன்றாம் நாள் மகள் சிவப்புச் சரிவில் இறங்குவதைக் கீழே நின்று பார்த்தேன். நீலத்தில் அழகாக வளைந்து வளைந்து வருபவள், சிவப்பில் செங்குத்தான இடம் வந்ததும் உடம்பைப் பின்னால் சாய்க்கிறாள். சாய்த்ததும் பலகை அவளை விட்டு முன்னால் ஓடப் பார்க்கிறது. "பயந்தா உடம்பு மலைப் பக்கம் சாயும் மாமா. அப்ப பலகை நம்ம பேச்சைக் கேக்காது. பள்ளத்தைப் பாத்துத்தான் சாயணும். மனசு ஒத்துக்காது" என்றார் மாப்பிள்ளை. அவள் அங்கே நின்று, மூச்சு வாங்கி, கொஞ்ச தூரம் பக்கவாட்டிலேயே சறுக்கி இறங்கி, சரிவு குறைந்ததும் மறுபடி வளைய ஆரம்பித்தாள். என் பக்கத்தில் வந்து நின்றபோது முகம் சிவந்து, சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் மறுபடியும் வாத்தியாரானேன். "அந்த இடத்துலதான் தப்புப் பண்ணுத. அதை மட்டும் சரிபண்ணுனா..."

"அப்பா," என்றாள், "எனக்கு இது போதும்ப்பா."

அன்று ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டபின் பேத்தி தூங்கிவிட்டாள். வெளியே மைனஸ் பதினான்கு. நான் பழைய கதை பேச்சை ஆரம்பித்தேன். என் மகளும் என் மாணவிதான். ஒன்பதும் பத்தும், 2000லிருந்து 2002 வரை, சமூக அறிவியல் நான்தான் எடுத்தேன். அந்த பேட்ச் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். முதல் மார்க் எடுத்த பிள்ளை யார், மாவட்ட அளவில் வந்தது யார், மேப்பில் டெல்லியை வங்காள விரிகுடாவில் குறித்தது யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

அவள் கேட்டாள்: "நான் எங்க உக்காந்திருந்தேன், சொல்லுங்க?"

நினைத்துப் பார்த்தேன். முதல் பெஞ்ச் தெரிகிறது, யார் யார் என்று முகத்தோடு தெரிகிறது. கடைசி பெஞ்ச் அதைவிட நன்றாகத் தெரிகிறது. என் சொந்த மகள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"மூணாவது பெஞ்ச்ப்பா. ரெண்டு வருஷமும் அங்கதான். ரெண்டு வருஷத்துல நீங்க என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. ஒரு நாள்கூட மேப் முன்னாடி வந்து நில்லுன்னு சொன்னதில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். என்னிடம் பதில் தயாராகத்தான் இருந்தது. வாத்தியார் மகளுக்குச் சலுகை என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்றுதான் அப்படி இருந்தேன் என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதையே அவளிடமும் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

படுத்தபின் தூக்கம் வரவில்லை. அந்தப் பதில் பாதிதான் உண்மை. அவள் அறுபது, அறுபத்திரண்டு எடுப்பாள். எண்பது எடுத்திருந்தால் கூப்பிட்டிருப்பேன், முப்பது எடுத்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். அறுபதுக்கு என்னிடம் ஒன்றுமில்லை. முதல் பெஞ்சுக்குப் பெருமைப்பட்டேன், கடைசி பெஞ்சுக்காகக் கவலைப்பட்டேன், திட்டினேன், சிலருக்குப் பரீட்சைப் பணமும் கட்டினேன். நடுவில் இருந்தவர்கள் தானாகத் தேறிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். தேறினார்கள், அது வேறு.

நான்காம் நாள் பக்கத்து ஊரான அபிஸ்கோவுக்குப் போனோம், பத்து கிலோமீட்டருக்குள்தான். பலகை இல்லாமல் சும்மா நடக்க. அங்கே எனக்கு ஒரு அதிசயம். ஸ்வீடனிலேயே மழையும் பனியும் மிகக் குறைவாக விழும் இடங்களில் ஒன்று அபிஸ்கோ. வருஷத்துக்கு 300 மி.மீ. அளவுதான். நம் கோவில்பட்டிக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். நாம்தான் வானம் பார்த்த பூமி என்று மூக்கைச் சிந்துகிறோம். காரணம் என்ன? உங்களுக்குத் தெரியும், சொல்லுங்கள் பார்ப்போம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை நார்வே எல்லை மலைகள் மறித்துவிடுகின்றன. எல்லையில் இருக்கும் ரிக்ஸ்கிரென்சனில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, மே மாசம் வரைக்கும் சறுக்குகிறார்கள். முப்பது நாற்பது கிலோமீட்டர் கிழக்கே வந்தால் அபிஸ்கோ காய்கிறது. ஆடி மாசம் குற்றாலத்தில் சாரல் அடிக்க, நமக்குப் புழுதிக்காற்று மட்டும் வருகிறதே, அதே கணக்கு. மழை மறைவுப் பிரதேசம்! நான் அந்த இடத்தில் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஆனால் விழுகிற கொஞ்சமும் அங்கே ஆவியாகாமல் மாசக்கணக்கில் கிடக்கிறது. டோர்னெட்ரெஸ்க் ஏரி எழுபது கிலோமீட்டர் நீளம், முழுவதும் உறைந்து, மேலே ஆட்கள் நடந்து போகிறார்கள். நமக்கு விழுவதை வெயில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அங்கே நிற்கும்போதுதான் ஒரு பையனின் ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் மாப்பிள்ளை ரயிலில் ரிக்ஸ்கிரென்சன் போய்விட்டார், அங்கே சரிவுகள் கடினமாக இருக்கும், அவருக்கு அதில் ஆசை. மகளும் பேத்தியும் பியோர்க்லிடனிலேயே மேல் சரிவுக்குப் போனார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேற்கே நார்வே பக்கமிருந்து மேகம் இறங்கியது. பத்து நிமிஷத்தில் மலையைக் காணோம். வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, நிழலே இல்லை. பள்ளம் எது மேடு எது என்று கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைச் சுவரில் சாக்பீஸால் எழுதினால் எப்படியோ அப்படி. காற்று கூடியதால் மேல் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் அவரவராகச் சறுக்கித்தான் இறங்க வேண்டும்.

முதல் கால் மணி நேரம் நான் தைரியமாக இருந்தேன். நன்றாகச் சறுக்குகிறவர்கள் ஒவ்வொருவராக மேகத்துக்குள்ளிருந்து அம்பு மாதிரி வந்து நின்றார்கள். ஒவ்வொருவரும் வரும்போது எழுந்து நின்று, அவளில்லை என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரம். போன் எடுக்கவில்லை. டீச்சரம்மா எதுவும் பேசாமல் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் சாய்கிறாளே, செங்குத்து வந்தால் பின்னால் சாய்கிறாளே என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் ஒரு பையனிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவன் நிதானமாகக் கேட்டு, ரேடியோவில் பேசினான். "நடுத்தரமா சறுக்குகிறவர்களா? அப்படியென்றால் மெதுவாகத்தான் வருவார்கள்" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது.

நாற்பது நிமிஷம் கழித்து வந்தார்கள். இரண்டு பேர் இல்லை, நான்கு பேர். முன்னால் மகள், அவளுக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் பேத்தி, பின்னால் என் வயசு இருக்கும் ஒரு தம்பதி. பலகையைக் குறுக்கே போட்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாகச் சறுக்கிக்கொண்டு வந்தார்கள். அழகாகவெல்லாம் இல்லை. பேத்தி ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைக்கார அம்மா கீழே வந்ததும் மகளைக் கட்டிப்பிடித்து ஸ்வீடிஷில் நீளமாக என்னவோ சொன்னார். மேலே அவர்கள் வழி தெரியாமல் நின்றிருக்கிறார்கள். என் மகள், "என் பின்னால் வாங்க" என்று கூட்டி வந்திருக்கிறாள்.

"எப்படிம்மா வந்த?" என்று கேட்டேன்.

"ஓரத்துல குச்சி நட்டிருப்பாங்கப்பா. ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சி. அதுக்கு மேல யோசிக்கல. நான் மெதுவாப் போறவதானே, எனக்கு அது பழக்கம்." பிறகு, "கடலைமிட்டாய் இருக்கா? காலு நடுங்குது" என்றாள். அக்குளிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே சறுக்குகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு, உலகம் முழுக்க அதே விதிதானாம்: பின்னாலிருந்து வருகிறவர்தான் முன்னால் போகிறவருக்கு இடைஞ்சல் வராமல் தன் பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டவர் இல்லை. பலகை வாங்கிய கடையிலேயே எழுதி ஒட்டியிருந்தது. முதல் நாள் அதை வாசித்துவிட்டு, நம்மூர் பைபாஸில் எழுதி வைக்கலாமே என்று ஜோக்கடித்தேன். அன்று திரும்பி வரும்போது அதே போர்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் கிளம்பும் காலை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டு மலைகளுக்கு நடுவே பெரிய வளைவு. லப்போர்ட்டன் என்கிறார்கள். சாமி மொழியில் அதன் பெயருக்கு வாத்துப் பள்ளத்தாக்கு என்று அர்த்தமாம். எத்தனையோ போட்டோவில் வரும் இடம். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கையை நீட்டி, வகுப்பில் ஒப்பிக்கிற குரலிலேயே சொன்னாள்:

"யு வடிவப் பள்ளத்தாக்கு. பனியாறு அரித்ததால் உண்டானது. ஆறு அரித்தால் வி வடிவம், பனியாறு அரித்தால் யு வடிவம். படம் வரைந்து பாகம் குறி. அஞ்சு மார்க். நான் நாலு வாங்குனேன், நீங்க ஒரு மார்க்கைக் குறைச்சிட்டீங்க."

"எதுக்குக் குறைச்சேன்?"

"அடியில ரொம்பத் தட்டையா வரைஞ்சிட்டேனாம். இப்பப் பாருங்க, தட்டையாத்தானே இருக்கு?"

பார்த்தேன். தட்டையாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்ததும் ஒரு மார்க் பாக்கி என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். "லேட்டு" என்று பதில் அனுப்பினாள், பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை.

இனி அந்தப் பையன். 1992 அல்லது 93. ஒன்பதாம் வகுப்பு. மழை மறைவுப் பிரதேசம் நடத்திக்கொண்டிருந்தேன், போர்டில் மேற்குத் தொடர்ச்சி மலை, இந்தப் பக்கம் அம்புக்குறி, அந்தப் பக்கம் நம்மூர். மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம். எழுந்து நின்று கேட்டான்: "சார், பனி பெய்ற ஊர்லயும் மழை மறைவுப் பிரதேசம் உண்டுமா? அங்க பனி பெய்யுமா, பெய்யாதா?"

நல்ல கேள்வி. எனக்கு அன்றைக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பரீட்சைக்கு வர்றதைக் கேளுடா, உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவன் பெயரும் ஞாபகம் இல்லை. காலையில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறவன், சில நாள் பெட்டி ஒட்டிய பசை விரலில் காய்ந்திருக்கும். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நாற்பது, நாற்பத்தைந்து மார்க் வாங்குகிறவன். தேறித்தான் போனான்.

அந்த பேட்ச் பிள்ளைகள் யாருக்காவது அவன் யாரென்று தெரிந்தால் அவனிடம் என் நம்பரைக் கொடுங்கள். அவனே இதைப் படித்தால், ஐயா, நீ கேட்டதற்கு விடை கொண்டுவந்திருக்கிறேன். உண்டு. பெய்யும், ஆனால் ரொம்பக் கொஞ்சமாக. ஊர் பெயர் அபிஸ்கோ. போனில் கூப்பிடு, படம் போட்டுச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.